சிவப்புத் தடத்துக்குப் பச்சை மை

துபாய் மெட்ரோவில் ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பெண்மணி என் தோளைத் தட்டி, "அங்கிள், இது லேடீஸ் பெட்டி" என்றார். குனிந்து பார்த்தேன். தரையில் இளஞ்சிவப்பில் ஒரு கோடு ஓடியது. அதைத் தாண்டி நிற்கும் ஆணுக்கு அபராதம். "அடுத்த ஸ்டேஷனில் செக்கிங் ஆட்கள் ஏறுவார்கள், சீக்கிரம் அந்தப் பக்கம் போய்விடுங்கள்" என்று ஆங்கிலத்தில் அவசரப்படுத்தினார். பெட்டியில் இருந்த மற்ற பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தார்கள்.

நான் இருபத்திரண்டு வருடம் ஷார்ஜாவில் நிறங்களை வைத்துப் பிழைத்தவன். அறிவிப்புப் பலகைகள் செய்யும் ஒரு பட்டறையில் வரைபடப் பிரிவுக்குத் தலைவன். எந்தச் சிவப்பு எந்த எண், எந்த நீலம் வெயிலில் எத்தனை வருடம் தாங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இப்போது எழுபத்தைந்து வயது. போன வருடம் திருச்சியில் வலது கண்ணுக்குப் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று வீட்டுச் சுவரை வலது கண்ணால் பார்த்தேன், வெள்ளை. அதே சுவரை இடது கண்ணால் பார்த்தேன், பழுப்பு. இத்தனை வருடமாக நான் வெள்ளை என்று சத்தியம் செய்ததெல்லாம் பழுப்பாகத்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரு மனிதரின் முகம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. இந்தப் பயணம் அவரைப் பார்ப்பதற்காக. மகளிடம், "வளைகுடா மெட்ரோ பலகைகளைப் பார்த்துவிட்டுக் கட்டுரை எழுதப் போகிறேன்" என்று சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

யூனியன் நிலையத்தில் இறங்கி வரைபடத்தின் முன் வெகுநேரம் நின்றேன். சிவப்புத் தடம், பச்சைத் தடம். நான் இங்கிருந்தபோது பலகையில் இருந்த பெயர்களில் பல இப்போது இல்லை. கம்பெனிகள் நிலையத்தின் பெயரை வாங்குகின்றன, பழைய பலகை இறங்குகிறது, புதியது ஏறுகிறது. பெயர் மாறினாலும் கோட்டின் நிறம் மாறாது என்ற நம்பிக்கையில்தான் சனங்கள் ஓடுகிறார்கள்.

அந்த நம்பிக்கைக்குப் பெரிய வயதில்லை. சுரங்க ரயில் முதலில் ஓடிய லண்டனில் ஒவ்வொரு தடமும் ஒவ்வொரு கம்பெனியுடையது. ஆளுக்கொரு வரைபடம், தன் கோடு மட்டும் தடித்த சிவப்பு, மற்றவனுடையது மெல்லிய கறுப்பு. எல்லாரும் சேர்ந்து ஒரே வரைபடம் போட வேண்டி வந்தபோதுதான் நிறங்களைப் பங்கு பிரித்தார்கள். பிறகு மின்சுற்று வரையும் ஒரு வரைவாளர் கோடுகளையெல்லாம் நேராக்கிக் கொடுத்தார். அந்த வரைபடத்தில் முதலில் சிவப்பாக இருந்த தடம் பிறகு பழுப்பானது. ஆரஞ்சாக இருந்தது சிவப்பானது. நிலையப் பெயர்ப் பலகையும் அப்படித்தான். ஆரம்பத்தில் அது முழுச் சிவப்புத் தட்டு, நடுவே நீலப் பட்டை. சுற்றிலும் ஒட்டியிருக்கும் விளம்பரங்களுக்கு நடுவே ஊர்ப் பெயர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக வைத்தது. பிறகுதான் தட்டின் நடுவை எடுத்துவிட்டு வளையமாக்கினார்கள்.

பழைய எனாமல் பலகைகளின் படங்களை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். எனாமல் என்றால் பெயின்ட் இல்லை. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடி மையைப் பூசிச் சூளையில் சுடுவது. சுட்டுவிட்டால் வெயில், மழை, காலம் எதுவும் அழிக்காது. தப்பாகச் சுட்டாலும் அப்படியே நிற்கும்.

மறுநாள் பஸ் பிடித்து ஷார்ஜா போனேன். ஏசி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு பாகிஸ்தானி பெரியவர். வழியெல்லாம் யாரிடமோ போனில், "ஆடு நன்றாகத்தான் இருக்கிறது, உன் மாமாதான் நன்றாக இல்லை" என்று உருதுவில் சொல்லிக்கொண்டே வந்தார். ஆட்டைப் பற்றியா மாமாவைப் பற்றியா கவலை என்று கடைசிவரை புரியவில்லை. இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இறங்கினால் எங்கள் பட்டறை இருந்த இடத்தில் டயர் குடோன். அதற்கு இரண்டு தெரு தள்ளித்தான் பஷீரின் கஃபட்டீரியா.

பஷீர் கீழக்கரைக்காரர். எங்கள் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். என்னைப் பார்த்ததும் கல்லாவை விட்டு இறங்கி வந்தார்.

"அஸ்ஸலாமு... சாரா? மௌத்தாயிட்டீங்கன்னு ஒருத்தன் சொன்னானே."

"நான் செத்துட்டேன்னு யாரு சொன்னது?"

"யாரோ ஒரு ஹமுக்கு, மடையன். உக்காருங்க. இடியாப்பம் இருக்கு, சூடு. பல்லு இருக்கில்ல?"

இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே, வந்த காரியத்தைக் கேட்டேன். எங்கள் பட்டறையில் அச்சடித்த காத்தமுத்து எங்கே என்று தெரியுமா.

"தெரியாம? தோஹாவுல, என் மருமவன் கடையிலதான் இருக்காப்புல. நான்தான் கிச்சன் விசா எடுத்துக் குடுத்தேன். ஒவ்வொரு பெருநாளுக்கும் போன் போட்டுருவாப்புல. உங்களையும் கேப்பாப்புல சார். 'டிராயிங் சாரு நல்லாருக்காரா'ன்னு."

கை கழுவ எழுந்தபோதுதான் அதைப் பார்த்தேன். கவுன்டரில் சமோசாத் தட்டுக்குக் கீழே போட்டிருந்த பலகை. இரண்டடிக்கு ஒரு அடி. வெள்ளைப் பின்னணி, இரண்டு கோடுகள், கீழ் மூலையில் ஆங்கிலத்தில் 'ரெட் லைன்' என்ற எழுத்து, அதன் பக்கத்தில் பளிச்சென்று ஒரு பச்சைப் பட்டை.

"அந்த நாப்பதுல ஒண்ணு சார்" என்றார் பஷீர். "நீங்க லாரியில ஏத்துனப்ப நான் ஒண்ண உருவிட்டேன். நல்ல தகடு, துருவே பிடிக்காது. தூக்கிப் போட மனசு வரல. பின்னாடி என்னமோ கிறுக்கி வச்சிருக்கான், தேச்சாலும் போவல."

நான் சமோசாத் தட்டை நகர்த்திவிட்டுப் பலகையைத் திருப்பினேன்.

இதற்குமேல் போவதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

துபாயில் மெட்ரோ ஓடத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு வணிக வளாகத்துக்காக எங்கள் பட்டறை நாற்பது வழித்தட வரைபடப் பலகைகள் செய்தது. படத்தை வரைந்தது நான். அச்சிட்டது காத்தமுத்து. ஜெயங்கொண்டம் பக்கத்து ஆள், அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். அச்சுத் திரையில் மை இழுப்பதில் அவருக்கு நிகரான கை பட்டறையில் இல்லை. அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் பஸ்ஸில் போகும்போது அவரே சொன்னார். "சிக்னல்ல மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போவணும், அவ்வளவுதான் சார் எனக்கு. யார்ட்டயும் சொல்லிடாதீங்க, பொழப்பு போயிடும்." நான் சொல்லவில்லை. அவருக்காக ஒரு முறை செய்து கொடுத்தேன். வேலைச் சீட்டில் நிறத்தின் பெயரோடு மை டப்பாவின் எண்ணையும் எழுதிவிடுவேன். அவர் எண்ணைப் பார்த்து அடிப்பார். எட்டு வருடம் ஒரு தப்பு நடக்கவில்லை. அவருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. பலகையின் பின்பக்கம், மிஞ்சிய மையில் மெல்லிய தூரிகையால், எந்தக் கோட்டுக்கு எந்த டப்பா என்று தமிழில் எழுதிச் சேர்த்தே சுட்டுவிடுவார். கண்ணை நம்ப முடியாதவர் கையெழுத்தை நம்பினார்.

மை கொடுக்கும் கம்பெனி அந்த வருடம் எண்களை மாற்றியது. பழைய பட்டியலில் ஏழு சிவப்பு, பன்னிரண்டு பச்சை. புதியதில் ஏழு பச்சை, பன்னிரண்டு சிவப்பு. புதிய பட்டியல் என் மேசை டிராயரில் கிடந்தது. சுவரில் பழையதுதான் தொங்கியது. நான் சுவரைப் பார்த்துச் சீட்டு எழுதினேன். ரெட் லைனுக்கு ஏழு, கிரீன் லைனுக்குப் பன்னிரண்டு. விடுமுறை நாள் என்பதால் அச்சு மேசையில் காத்தமுத்து ஒருவர்தான். சூளையில் நின்ற பங்களாதேஷ் ஆளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. நாற்பது பலகையும் சீட்டுப்படியே சுட்டு வந்தன.

மறுநாள் காலை முதலில் பார்த்தது நான்தான். டிராயரைத் திறந்ததும் புரிந்துவிட்டது. சீட்டைக் கிழித்து டீ டம்ளரில் போட்டேன். எண்களைச் சரியாக மாற்றி வேறு சீட்டு எழுதினேன், அதே தேதி. பட்டறையில் தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடக் கூடாது என்று நானே பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினேன். வளாகத்தின் ஆள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். வந்த வேகத்தில் குப்பைக்குப் போக ஏற்பாடு செய்ததும் நான்தான். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது புதிய சீட்டை மேசையில் வைத்தேன். "அவனுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது சார், இப்போதுதான் எனக்கே தெரிகிறது" என்றேன்.

அப்போதெல்லாம் நான் அவரை ஒருமையில்தான் சொல்வேன்.

நான்கு நாளில் விசா கேன்சல். கிளம்புகிற அன்று காத்தமுத்து என் அறைக்கு வந்தார். "நம்பரத் தப்பாப் படிச்சிட்டேன் போலருக்கு சார். உங்க பேரக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "பரவாயில்லை" என்றேன்.

ஷார்ஜா கடையில் திருப்பிய பலகையின் பின்பக்கம், அடர்நீலப் பூச்சின் மேல், அவருடைய வட்ட வட்டமான கையெழுத்து அப்படியே இருந்தது. 'ரெட் 7. கிரீன் 12. சீட்டுப்படி.' பஷீரிடம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். "சமோசாவுக்கு வேற தகடு குடுங்க" என்றார், அவ்வளவுதான். இரண்டு லுங்கியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

துபாய் விமான நிலையத்தில் ஸ்கேனில் அது மாட்டிக்கொண்டது. சோதனை அதிகாரி பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண். லுங்கியைப் பிரித்துப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். "ரெட் லைன் என்று எழுதியிருக்கிறது, பச்சை அடித்திருக்கிறார்களே. யாருடைய வேலை?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார். கண் உள்ள யாரும் ஒரு நொடியில் பார்க்கும் தப்பு. "என்னுடையது" என்றேன். அதை முதல்முறை வாய்விட்டுச் சொன்னது அந்த முன்பின் தெரியாத பெண்ணிடம்தான். அவர் அடுத்த பெட்டியை இழுக்கப் போய்விட்டார்.

தோஹா மெட்ரோவில் மூன்று தடங்கள்: சிவப்பு, பச்சை, தங்கம். நிலையங்கள் அரண்மனை போல இருக்கின்றன. சென்னையில் நீலமும் பச்சையும் நமக்குப் பழகிவிட்டது. ரியாத்தில் ஆறு நிறம் என்கிறார்கள். தங்கத்தை ஒரு தடத்துக்கு வைத்திருப்பதை நான் இங்கேதான் பார்த்தேன். என் இடது கண்ணுக்கு அது மஞ்சளும் இல்லை பழுப்பும் இல்லை. இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி ஒருவர் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

கடை பழைய ஏர்போர்ட் பகுதியில் இருந்தது. மதார் கதீம் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். நான் போனது மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, சாயங்கால டீக்கூட்டம் தொடங்காத நேரம். காத்தமுத்து மைதா பிசைந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்தவர் கையை உதறிக்கொண்டு வந்தார்.

"டிராயிங் சாரு."

என் கையைப் பிடிக்க வந்து, மாவுக் கை என்று நிறுத்திக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பிச் சத்தமாக, "குட்டா, இவருதான் நான் சொல்ற சாரு. துபாய்ல பெரிய ஆபீசர். என்னை எட்டு வருசம் காப்பாத்துனவரு. நான்தான் கெடுத்துக்கிட்டேன்" என்றார்.

குட்டன் என்ற மலையாளி சமையல்காரர் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

கரக் டீயும் கொத்து பரோட்டாவும் வந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரோட்டா செவந்தது எப்படித் தெரியுது உங்களுக்கு?" என்று கேட்டேன். 'உங்களுக்கு' என்று நான் சொன்னது அவருக்கு வித்தியாசமாக இருந்திருக்கும்.

"மூக்குதான் சார். கருகறதுக்கு முன்னாடி ஒரு மணம் வரும் பாருங்க, அப்பப் பெரட்டணும். தக்காளி மட்டும் குட்டன் எடுத்துக் குடுத்துருவாப்ல. சிக்கன் வெந்துச்சான்னு முள்ளுக்கரண்டியால குத்திப் பாத்தாத் தெரியும்."

"மெட்ரோல எங்கயாச்சும் போவீங்களா?"

"அதுல நான் ஏறுனதே இல்ல சார். கலரு பாத்து ஏறுற வண்டி நமக்கு ஆகாது. பஸ்ஸுதான், நம்பர் இருக்கும். லீவு நாள்ல ரூம்லயே படுத்துருவேன்."

அன்று நான் சொல்லவில்லை. பெட்டி காலடியிலேயே இருந்தது. நாளை வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையிலும் தைரியம் வரவில்லை. வக்ரா என்ற கடலோர ஊரில் மீன் நன்றாக இருக்கும், பழைய கடைத்தெரு அழகாக இருக்கும் என்று விடுதியில் சொன்னார்கள். பார்த்துவிட்டு மாலையில் போகலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டே கிளம்பினேன். வக்ரா சிவப்புத் தடத்தின் தெற்குக் கோடி. சிவப்புப் பட்டை போட்ட நடைமேடை, சிவப்புப் பட்டை போட்ட வண்டி, ஏறி உட்கார்ந்தேன். வண்டி கடைசியாக நின்ற இடம் விமான நிலையம்.

சிவப்புத் தடம் ஒரு நிலையத்துக்கு அப்பால் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வக்ராவுக்கு, ஒரு கிளை விமான நிலையத்துக்கு. இரண்டும் சிவப்பு. எந்த வண்டி எங்கே போகிறது என்று தலைக்கு மேல் பலகையில் எழுத்தில் ஓடுகிறது. நிறங்களின் வரலாறு பேசத் தெரிந்த நான் அதைப் படிக்கவில்லை. எல்லாரும் சூட்கேஸோடு இறங்கிப் போன வெற்று வண்டியில், மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். துப்புரவுக்கு வந்த நேபாளி இளைஞர், "பாபா, ஃபிளைட் எத்தனை மணிக்கு?" என்று இந்தியில் கேட்டார். ஃபிளைட் இல்லை, மீன் சாப்பிட வந்தேன் என்றேன். அவர் என்னைத் திரும்பும் வண்டியில் ஏற்றிவிட்டார். வக்ராவுக்குப் போகவில்லை. மதார் கதீமில் இறங்கி நேராகக் கடைக்குப் போனேன்.

அன்று வெள்ளி. கடைக்கு அரை நாள் விடுமுறை. காத்தமுத்து கடைவாசலில் நாற்காலி போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து பலகையை மேசைமேல் வைத்தேன்.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அதைத் தடவினார். முதலில் அவர் பார்த்தது ஓரத்தை.

"என் வேலை. ஓரம் பாருங்க சார், ஒரு எடத்துல மை கசியல." பிறகு, "அந்த நாப்பதா இது?"

"ஆமாம்."

"இதுல எது தப்பு சார்? காட்டுங்க. நான் பாத்ததே இல்ல."

ரெட் லைன் என்ற எழுத்தின் பக்கத்தில் விரலை வைத்தேன். "இங்க செவப்பு இருக்கணும். பச்சை இருக்கு."

அவர் தலையாட்டினார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். நான் பலகையைத் திருப்பிப் போட்டேன்.

அவர் வாய்விட்டுப் படித்தார். "ரெட் ஏழு. கிரீன் பன்னெண்டு. சீட்டுப்படி." மறுபடி ஒருமுறை படித்தார். "ஏழுன்னுதான் படிச்சிருக்கேன். ஏழுதான் அடிச்சிருக்கேன். அன்னைக்கு மேனேஜர் காட்டுன சீட்டுல ரெட்டுக்குப் பன்னெண்டுன்னுல்ல இருந்துச்சு?"

"அது நான் பிறகு எழுதின சீட்டு. முதல் சீட்டுல ஏழுன்னு எழுதினது நான்தான். பழைய பட்டியலைப் பாத்து எழுதிட்டேன். உங்க மேல தப்பே இல்ல, காத்தமுத்து. காலையிலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உங்களைச் சொன்னேன்."

"மொத சீட்டு?"

"கிழிச்சுப் போட்டேன்."

அவர் எழுந்து உள்ளே போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது, வெகுநேரம் தண்ணீர் ஓடியது. பிறகு மாவை மேசையில் அடிக்கும் சத்தம். விடுமுறை நாளில் யாருக்குப் பரோட்டா என்று தெரியவில்லை. குட்டன் வந்து என்னையும் உள்ளேயும் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

"ஏன் செஞ்சீங்க?"

"வேலை போயிடும்னு பயம்."

"உங்களுக்குப் போயிருந்தா வேற கெடச்சிருக்கும். படிச்சவரு."

அது உண்மை. இரண்டு கம்பெனிகள் அப்போது என்னைக் கேட்டுக்கொண்டிருந்தன.

அவர் போனை எடுத்தார். ஊருக்குப் போட்டார், முகம் தெரியும் வீடியோ கால். எடுத்தது அவர் மனைவி தனலட்சுமி. "என்னா இந்நேரத்துல?" என்றார்.

"துபாய் சாரு வந்துருக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பட்டியல், சீட்டு, கிழித்தது, மேனேஜரிடம் சொன்னது. முடித்ததும் அந்த அம்மாள், "இருங்க" என்று யாரையோ கூப்பிட்டார். "ஏ சரசு, இங்க வா." படத்தில் இன்னொரு முகம் வந்தது. "இவ என் நாத்தனா. இவளும் கேக்கட்டும். திருப்பிச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

திருப்பிச் சொன்னேன். இரண்டாவது முறை முதலைவிடக் கடினமாக இருந்தது. சொற்களைத் தேடத் தேவையில்லாததால் முகங்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

"கண்ணு தெரியாம நாப்பது போர்டக் கெடுத்தவன்னு இவ வீட்டுக்காரரே பந்தியில சொல்லிச் சிரிச்சாரு" என்றார் தனலட்சுமி. நாத்தனார் கீழே பார்த்தார். "எம்மவளப் பொண்ணு பாக்க வந்தவங்க, இந்தக் கண்ணு பேரப்புள்ளைக்கும் வருமான்னு கேட்டுட்டுப் போனாங்க. போனவங்கதான். அவ கல்யாணம் அஞ்சு வருசம் தள்ளிப்போச்சு. கண்ணு அப்படித்தான், அது நெசம், அத நாங்க இல்லேங்கல. ஆனா அதுக்கப்புறம் இந்த மனுசன் ஒரு புடவ எடுத்ததில்ல, ஒரு மாடு புடிச்சதில்ல. எதுக்கெடுத்தாலும் பக்கத்துல ஆள் வேணும். நான் தப்பாப் பாத்துருவேன், நான் தப்பாப் பாத்துருவேன்னுகிட்டு."

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றேன்.

"அதெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரல. வயசானவரு, வந்த எடத்துல சாப்டுட்டுப் போங்க." போன் அணைந்தது.

காத்தமுத்து உள்ளே போய் இரண்டு பரோட்டாவும் சால்னாவும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டேன். அவர் திரும்ப உட்கார்ந்து வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். பேச்சு அறுந்த இடத்தை நிரப்ப நான்தான் ஏதேதோ சொன்னேன். வக்ராவில் மீன் நன்றாக இருக்குமாம், காலையில் அங்கே கிளம்பி விமான நிலையத்தில் போய் நின்றேன் என்றேன். அமெரிக்காவில் ஒரு நகரத்தில் கடலுக்கு அடியில் போகும் தடத்துக்கு நீலம் வைத்தார்கள், பல்கலைக்கழகத்துக்குப் போகும் தடத்துக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் சிவப்பு. டோக்கியோவில் நிறத்தோடு எழுத்தும் எண்ணும் உண்டு. மெக்சிகோ நகரத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் வைத்தார்கள், வெட்டுக்கிளி, மணி, வாத்து என்று.

"வாத்துல எறங்கணும்னு சொன்னாப் போதும்" என்றார் காத்தமுத்து, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே. "அங்க யாரோ நம்மாளு ஒருத்தன் இருந்துருக்கான்." இன்னொரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "இங்கயும் எழுதியிருக்குமில்ல? வெறும் கலரு மட்டும் இல்லையே?" என்று கேட்டார்.

"எழுதியிருக்கு. ஊர் பேரு ஓடிட்டே இருக்கு. இங்கிலீஷ்ல பெருசா."

"இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியும்."

மறுநாள் எனக்கு ஊருக்குத் திரும்பும் விமானம். சொல்லிக்கொள்ளப் போனபோது பலகை கடைச் சுவரில் ஏறியிருந்தது, கல்லாவுக்கு மேலே, ஆணியடித்து. வரைபடம் சுவரைப் பார்த்திருந்தது. பின்பக்கம்தான் கடையைப் பார்த்திருந்தது. ரெட் 7. கிரீன் 12. சீட்டுப்படி. பரோட்டா பார்சல் கட்டிக்கொண்டிருந்த தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், "என்னண்ணே இது, பஸ் நம்பரா?" என்று கேட்டார். "எங்க சார் குடுத்த சர்ட்டிஃபிகேட்டு" என்றார் காத்தமுத்து. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அன்று நான் அங்கே இருக்கும்போது அவர் வாயில் அந்த 'சார்' வந்தது அது ஒருமுறைதான். முந்தின நாள் நான் உண்மையைச் சொன்னதிலிருந்து என்னிடம் நேராகப் பேசும்போது அதை விட்டுவிட்டிருந்தார்.

பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். அட்டை வாங்கும் இயந்திரத்தின் முன் கொஞ்சம் தடுமாறினார். நகரும் படிக்கட்டில் காலை வைக்குமுன் செருப்பைச் சரிசெய்துகொண்டார். நடைமேடையில் கண்ணாடித் தடுப்புக்கு முன் நின்றோம். சிவப்புப் பட்டை போட்ட வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது. நான் உள்ளே ஒரு காலை வைத்துவிட்டேன்.

சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார்.

"ஏறாதீங்க. இது வக்ரா."

மேலே பார்த்தேன். வக்ராதான். கதவு மூடி வண்டி போனது. அவர் தலையை நிமிர்த்தி அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார், உதடு மெல்ல அசைந்தது, எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். "இப்ப வர்றது ஏர்போர்ட்டு" என்றார். வந்தது. பெட்டியை உள்ளே தூக்கி வைத்தார்.

"நீங்க கடைக்குத் திரும்பணுமில்ல?" என்றேன்.

"சாயங்காலம்தான் டூட்டி. அடுத்தது மறுபடி வக்ரா போட்டுருக்கான். மீன் நல்லாருக்கும்னீங்களே, பாத்துட்டு வரேன்."

"வரும்போது..."

"தெரியும். எழுதியிருக்கும்."

கதவு மூடிக்கொண்டது. வண்டி கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. தலைக்கு மேலே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.